மத்த மலரின் வரலாறு

சிவபெருமான் திருமுடிக்குரிய மலர்களைத் தேவார ஆசிரியர் எடுத்தோதும் இடங்களில், கொன்றை, வன்னி, கூவிளம், எருக்கு என்பவற்றோடு மத்தமும் ஒருங்கெண்ணப்படுதலைத் திருமுறை ஓதுவார் யாவரும் அறிவர். மத்தம், மதமத்தம், ஊமத்தம் என்பன ஒரு பொருட்கிளவிகள். குப்பை மேட்டிலும் பாழ்மனைப் புறத்திலும் தானே முளைத்து, ஊதுகொம்புபோல் வாய்விரிந்த நெடும் பூவும் முள் செறிந்த உருண்டைக் காயும் உடையதாய் நிற்கும் ஊமத்தையே அது. ஆடும் மாடும் அதனை எளிதில் வாயிடா. மகளிர் அதனைக் கூந்தலிற் சூடார். அதன் விதையை உண்டவர் மதிமயங்கிப் பிதற்றுவர். அளவு மிகுந்தால் உயிர் நீங்குதலும் உண்டு. இங்ஙனம் உலகம் தள்ளிய பூவை இறைவன் கொண்டான் என்பது அடியார் கருத்து.

பெயரும் அக்கருத்துக்கு இயைந்ததே. உன்மத்தம் என்னும் வடசொல்லுக்குப் பித்தேறியது என்பது பொருள். அச்சொல்லே தமிழில் ஊமத்தம் எனவும் மத்தம் எனவும் திரிந்து வழங்கிற்று. அமரகோசம் இச்செடிக்கு உன்மத்தம் என்பதோடு கிதவம், தூர்த்தம், தத்தூரம், மாதுலம், மதனம் என்னும் பெயர்களையும் கூறி, பொன்னின் பெயரும் இதற்காகும் என்று முடிக்கும். கிதவன் சூதாடுவோன்; தூர்த்தன் வஞ்சகன். இத்தகைய பெயர்களை ஒரு செடிக்கு இட்டோர் அதன் குணத்தையும், அதனைக் கையாண்ட மாக்களின் குணத்தையும் நேரிற் கண்டவராகவே இருத்தல் வேண்டும். திருவெண்ணெய்நல்லூரில் இறைவனைப் பித்தன் என விளித்துப் பாடத் தொடங்கிய நம்பியாரூரரைக் குரவராகக் கொண்டோர்க்கு, அப்பித்தன் சூடுவது மத்தமாயிருத்தல் வியப்பாகத் தோன்றாது.

ஆயினும், இம்மலரைக் குறித்துச் செடிநூலாரிடையே எழுந்த ஐயம் ஒன்றுண்டு. அதனைத் தீர்ப்பதற்குத் திருமுறையே சான்றாய் நிற்கின்றது என்பதைச் சைவ நன்மக்களுட் பலரும் அறியார். லின்னேயஸ் என்னும் சுவீடன் நாட்டு அறிஞர் 1753-ஆம் ஆண்டில் செடிகளை இனம் பிரித்துப் பெயரிட்டபோது, தத்தூரம் என்னும் வடசொல்லையே எடுத்து இவ்வினத்துக்கு டாட்டுரா என்னும் பெயரை நிறுவினார். நம் நாட்டு ஊமத்தை அவர் முறையில் டாட்டுரா மீட்டல் எனப்படும். இந்தியப் பெயர் தாங்கிய இவ்வினத்தின் பிறப்பிடம் இந்தியா அன்று, அமெரிக்கா என்பதே இக்காலச் செடிநூலார் முடிபு. அதற்கு அவர் கூறும் காரணங்கள் வலியுடையன. இவ்வினத்துச் செடிகள் காட்டில் இயல்பாக வளர்ந்து பல்கியிருப்பது மெக்சிகோவிலும் அதனையடுத்த வட அமெரிக்கத் தென்மேற்கு நிலங்களிலுமே. நம் ஊமத்தையோ எந்நாட்டிலும் இயல்பான காட்டுச் செடியாகக் காணப்படவில்லை; மனிதர் குடியிருப்பைச் சார்ந்தே வளர்கின்றது. சைமன், ஹேகி என்னும் இருவர் 1991-இல் இக்கருத்தை விரித்தெழுதினர். இதனின்று சிலர் ஒரு படி மேற்சென்று, கொலம்பஸ் கடல் கடந்த 1492-க்குப் பின்னரே ஊமத்தை இந்நாட்டுக்கு வந்தது என்றும், பழைய நூல்களிற் கூறப்படுவது வேறு ஏதோ ஒரு செடியாதல் வேண்டும் என்றும் கூறலாயினர்.

இவ்விடத்தில்தான் நூற்சான்று வேண்டப்படுகின்றது. கீதா, கராயிபே என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இந்நாட்டு நூல்களையும் சிற்பங்களையும் தொகுத்தாராய்ந்து, கொலம்பசுக்கு நெடுங்காலம் முன்னரே இச்செடி பழைய உலகத்தில் இருந்தது என்று 2007-இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டனர். பிறப்பிடம் அமெரிக்கா என்பதை அவர் மறுக்கவில்லை, கி.பி. முதலாயிரத்தாண்டுக்குள்ளேயே அது கடல் கடந்து வந்துவிட்டது என்பதே அவர் துணிபு. எவ்வழியாக வந்தது என்பது இன்றும் ஆராய்ச்சிக்குரியது.

வடமொழி மருத்துவ நூல்களும் நிகண்டுகளும் இதற்குச் சான்றாகக் காட்டப்படும்போது ஒரு தடை நேர்கின்றது. சுசுருத சங்கிதை போன்ற நூல்கள் பல கைகளிற் பயின்று பெருகியவை. இன்ன பகுதி இன்ன நூற்றாண்டினது என வரையறுத்தல் அரிது. தேவாரத்துக்கு இத்தடை மிகவும் சிறிது. திருஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்திற் சிறுத்தொண்டரைப் பெயர் சுட்டிப் பாடினார். அச்சிறுத்தொண்டர் படைத்தலைவராய் வாதாபியை அழித்தவர் என்று பெரியபுராணம் கூறும். நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைக் கைப்பற்றியது கி.பி. 642-ஐ ஒட்டி என்பது சாசன ஆராய்ச்சியால் தெளிந்தது. எனவே சம்பந்தர் பாடல்களின் காலம் ஏழாம் நூற்றாண்டு என்பது ஏறத்தாழ ஐயமற்றது. கொலம்பசுக்கு அது எண்ணூற்றைம்பது ஆண்டு முற்பட்டது. அக்காலத்துத் தமிழகத்தில் மத்தம் என ஒரு மலர் இருந்தது, அதனை மக்கள் அறிந்திருந்தனர், பாட்டிற் கேட்டவுடன் உணர்ந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

எனினும், பெயர் ஒன்றே போதிய சான்றாமோ எனின், ஆகாது என்றே நடுநிலையாளர் கூறுவர். பாட்டு மலரின் பெயரைச் சொல்லுமேயன்றி இலையையும் காயையும் விரித்துக் காட்டாது; பழஞ்செடியின் பெயர் புதுச்செடிக்கு மாறுதலும் உலகியலில் உண்டு. ஈண்டு உதவுவன சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள். கூத்தப்பெருமான் சடையிற் பிறையும் கங்கையும் தலையோடும் விளங்க, அவற்றோடு வாய்விரிந்த ஊமத்த மலரும் வடிக்கப்பட்டிருத்தலைக் கூர்ந்து நோக்குவார் காணலாம். பாட்டிற் பெயராய் நின்றது செம்பில் உருவாய் நிற்கின்றது. பெயரும் உருவும் வழிபாட்டு வழக்கும் அறுபடாது தொடர்ந்து வருதலின், இடையில் வேறொரு செடி புகுந்து அதன் பெயரைக் கவர்ந்தது என்பது பொருந்தாது. தில்லையிலும் பிற தலங்களிலும் நாள்தோறும் ஓதப்படும் பதிகங்கள் செடிநூல் வழக்கொன்றில் இவ்வாறு சாட்சியாதல் மகிழ்தற்குரியதே.

இனி இதன் நஞ்சையும் மருந்தையும் நோக்குவாம். ஊமத்தை உண்டவர்க்கு வாயும் நாவும் உலர்ந்துபோகும்; வியர்வை நின்று உடல் கொதிக்கும்; கண்மணி விரிந்து வெளிச்சம் பொறாது; நெஞ்சு படபடக்கும்; சிறுநீர் தடைப்படும்; இல்லாதவற்றைக் காண்பர், காற்றைப் பற்றி இழுப்பர், தனியே உரையாடுவர். உடலில் நரம்புகள் தம் ஏவலை உறுப்புக்களுக்குச் செலுத்துதற்கு அசிட்டைல்கோலின் என்னும் பொருளைத் தூதாக விடுகின்றன. ஊமத்தையிலுள்ள ஹயோசின், அட்ரோபின் முதலிய காரச்சத்துக்கள் அத்தூது புகும் வாயிலை அடைத்துக்கொள்கின்றன. உமிழ்நீர் சுரக்க ஏவும் தூது அடைபட, வாய் உலர்கின்றது. கண்பாவையைச் சுருக்கும் தூது அடைபட, அது விரிகின்றது. மூச்சுக்குழலை இறுக்கும் தூது அடைபட, அது தளர்கின்றது. நஞ்சின் தொழிலும் மருந்தின் தொழிலும் இவ்வொன்றே. வேறுபாடு அளவில் உளது. ஆனால் அவ்வளவுதான் இச்செடியில் கைக்கு அடங்காதது. ஒரே தோட்டத்து இரு செடிகளில் சத்து ஒத்திராது. வேரினும் இலையினும் விதையினும் வேறுபடும். நாட்டு மருத்துவர் இதனை உள்ளுக்குக் கொடுக்க அஞ்சியதும், மேனாட்டார் பிற்காலத்திற் செடியை விட்டுச் சத்தைப் பிரித்தெடுத்ததும் இதனாலேயாம்.

இச்செடியின் அறிவு இந்தியாவினின்று இரு திசையிலும் பரவிற்று என்பதைப் பெயர்களே காட்டும். அரபு மருத்துவர் இதன் காயை ஜௌஸ் மாதில் என்றனர். 1037-இல் மறைந்த இப்னு சீனாவின் மருத்துவ நூலில் அது இடம்பெற்றுள்ளது. லின்னேயஸ் இட்ட மீட்டல் என்னும் இனப்பெயர் அவ்வரபுச் சொல்லின் சிதைவே. கிழக்கே சீனர் இதனை மந்தாரம் என்னும் வடசொல்லின் திரிபாகிய பெயரால் வழங்கினர். புத்தர் அறமுரைக்கும்போது வானம் மந்தார மலர் பொழிந்தது என்னும் பௌத்த நூற்செய்தியோடு அப்பெயர் அங்குச் சென்றது. விண்ணவர் மலரின் பெயர் குப்பைமேட்டுச் செடிக்கு எவ்வாறு வாய்த்தது என்பது வேடிக்கையே. பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த லீ சீசென் என்னும் சீன மருத்துவர், இப்பூவை மதுவிற் கலந்து தாமே அருந்திச் சோதித்ததைத் தம் பெருநூலில் எழுதிவைத்தார்.

அம்மந்தாரம் சப்பானுக்குச் சென்று அங்கே ஆற்றிய பணி மருத்துவ வரலாற்றில் தனிச் சிறப்புடையது. கீ நாட்டில் வாழ்ந்த ஹனவோகா சீசூ (1760–1835) என்பார் ஊமத்தத்தை முதன்மையாகக் கொண்டு, நாபி முதலியவற்றைச் சேர்த்து, வாய்வழிக் கொடுக்கும் மயக்க மருந்து ஒன்றைச் சமைத்தார். நாபியும் கொடிய நஞ்சே. பல ஆண்டு முயன்ற அச்சோதனையில் அவர் மனைவியார் கே அம்மருந்தைத் தாமே ஏற்றுப் பார்வை இழந்தார். 1804-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், மார்பிற் புற்றுநோய் கொண்ட அறுபது வயது மூதாட்டி ஒருவரை அம்மருந்தால் உணர்வு மறக்கச் செய்து, ஹனவோகா அறுவை செய்தார். மேனாட்டார் பெருமையாகக் கூறும் ஈதர் மயக்கம் பாஸ்டன் நகரில் அரங்கேறியது 1846-இல். அதற்கு நாற்பத்திரண்டாண்டு முன்னரே இது நிகழ்ந்தது. கண்ணிழந்த அம்மனைவியாரை மருத்துவ வரலாறு பெயர் கூறி நினைவு கொள்கின்றது, அவ்வளவேனும் நன்று.

நம் நாட்டிலோ இச்செடி மருந்தினும் களவுக்கே பெயர் பெற்றுப்போயிற்று. போர்ச்சுகீசிய மருத்துவராகிய கார்சியா ட ஓர்த்தா 1563-இற் கோவாவில் அச்சிட்ட நூலில், திருட்டின் பொருட்டு ஊமத்தை கலந்து கொடுக்கப்பட்டவர் சிரிப்பும் பிதற்றலுமாய்க் கிடந்த நிலையை எழுதினார். கொச்சியில் ஆளுநராயிருந்த வான் ரீட் தொகுத்த மலையாளச் செடிநூலின் 1679-ஆம் ஆண்டுத் தொகுதியில் உம்மத்து என்னும் நாட்டுப் பெயரோடே இதன் ஓவியம் உளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழிப்போக்கர்க்குச் சோற்றிலும் இனிப்பிலும் ஊமத்தை விதையைக் கலந்து மயக்கிப் பொருள் பறித்தார் பலர். செவர்ஸ் என்னும் மருத்துவர் 1856-இல் வெளியிட்ட நீதிமன்ற மருத்துவ நூலில் அச்செய்திகள் விரிவாக உள. அமரகோசம் கூறிய தூர்த்தம் என்னும் பெயர் நீதிமன்றம் வரை சென்றது என்க. ஊமத்தை விதை மிளகாய் விதையை ஒத்திருத்தலின் கலப்பு எளிதாயிற்று. இவற்றைப் பிரித்தறிதல் இன்றும் மருத்துவக் கல்லூரி மாணாக்கர்க்குரிய பாடம்.

இவ்வாறு கள்வர் கைப்பட்ட அக்காலத்திலேயே சென்னையில் இதன் நற்பயன் ஒன்று மேனாட்டார் கண்ணிற் பட்டது. இரைப்பு நோயாளர் ஊமத்தையின் வேரை உலர்த்தி இடித்துப் புகைக்குழாயிலிட்டு உறிஞ்சி மூச்சுத் தணிவு பெறுதல் இந்நாட்டு வழக்கம். அந்நாளிற் சென்னையில் கும்பினியாரின் தலைமை மருத்துவராயிருந்தவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். சாயப்பூச்சி வளர்ப்பதற்காகச் சைதாப்பேட்டையிற் கள்ளித் தோட்டம் அமைத்தவரும் இவரே. இவர் அவ்வழக்கத்தை அறிந்து தம் நோயாளர்க்குப் பரிந்துரைத்தார். 1802-ஐ ஒட்டி ஜெண்ட் என்னும் படைத்தலைவர் அம்மருந்தைச் சென்னையிலிருந்து பிரிட்டன் கொண்டுசென்று, சிம்ஸ் என்னும் மருத்துவரிடம் அதன் பயனைக் கூறினார். பத்தாண்டுக்குள் அது அந்நாட்டு மருத்துவ ஏடுகளிற் பேசப்படும் பொருளாயிற்று. நம் நாட்டு ஊமத்தை அங்கே கிடைத்தற்கரிதாதலின், அங்குத் தானே வளரும் அதன் தங்கை இனமாகிய ஸ்ட்ரமோனியம் கைக்கொள்ளப்பட்டது. அதனை 1762-இலேயே வியன்னா நகரத்து ஸ்டோர்க் என்பார் சித்தப்பிரமை முதலியவற்றுக்கு உள்மருந்தாகக் கொடுத்துப் பார்த்திருந்தார். ஆனால் புகையாக உட்கொண்டு மூச்சைத் திறக்கும் முறை சென்னையினின்று சென்றதே. பின்னர் ஸ்ட்ரமோனியச் சுருட்டுக்களும் எரித்துப் புகை கொள்ளும் பொடிகளும் ஐரோப்பா எங்கும் விற்பனையாயின. பிரெஞ்சு நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் தம் வாழ்நாள் முழுதும் வருத்திய இரைப்புக்கு அத்தகைய புகையையே துணைக்கொண்டார்.

சென்னையில் மருத்துவராயிருந்த ஏன்ஸ்லி 1813-இல் இந்நகரிலேயே அச்சிட்ட மருந்துப்பொருள் நூலில் ஊமத்தையைத் தமிழ்ப் பெயரோடு சேர்த்து எழுதினார். அதனையே விரித்து 1826-இல் லண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். இந்நாட்டு வைத்தியரைக் கேட்டறிந்து எழுதிய நேர்மை அவர்பால் உண்டு. ஆண்டர்சனும் ஜெண்டும் சிம்ஸும் இன்று இரைப்பு நோய் வரலாறு எழுதுவார் அனைவராலும் பெயர் கூறப்படுகின்றனர். ஆண்டர்சனுக்கு இப்புகையைக் காட்டிய சென்னை மருத்துவரோ 'நாட்டார்' என்ற ஒரு சொல்லால் முடிக்கப்படுகின்றார். ஓலையில் எழுதுவார் தம் பெயரை அகத்தியர் பெயருக்குள் மறைத்துக்கொள்ளும் வழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறுத்தலாகாது.

செடியிலிருந்து சத்தைப் பிரிக்கும் வேலை அடுத்து நிகழ்ந்தது. 1830-களின் தொடக்கத்திற் செருமானிய அறிஞர் ஊமத்தையின் உறவினங்களிலிருந்து அட்ரோபினையும் ஹயோசியமினையும் தூயவாக எடுத்தனர். 1880-இல் லாடென்புர்க் ஹயோசினைப் பிரித்தார். அதன்பின் இச்சத்துக்கள் புகாத மருத்துவமனை இல்லையாயிற்று. 1944-இல் நார்மண்டிக் கரையில் இறங்கச் சென்ற நேசநாட்டுப் போர்வீரர்க்குக் கடல்மயக்கம் வாராதிருக்க ஹயோசின் மாத்திரை வழங்கப்பட்டது. பிற்காலத்தில் காதின் பின்புறத்தோலில் ஒட்டும் ஒட்டு ஒன்று வந்தது. மூன்று நாளில் ஒரு மில்லிகிராம் அளவே ஹயோசின் அதனின்று உடலிற் புகும். ஒரு பெருநஞ்சை மில்லிகிராம் கணக்கில் அடக்கியாண்ட திறம் இது. இரைப்புக்கு வந்த புகையும் மாற்றம் பெற்றது. அட்ரோபினைத் திருத்தி, மூளைக்கும் பிற உறுப்புக்களுக்கும் மிகுதியாகச் செல்லாது மூச்சுக்குழலிலேயே தங்குமாறு இப்ராட்ரோபியம் என்னும் மருந்தைச் செருமானியர் அமைத்தனர். 1970-களில் அது வழக்கிற்கு வந்தது. இன்று மூச்சிழுப்புக் கருவியை வாயில் வைத்து அம்மருந்தை இழுக்கும் நோயாளி, பழைய சென்னைப் புகைக்குழாயின் திருத்திய வடிவத்தையே கையில் வைத்திருக்கின்றார்.

நஞ்சுக்கு நஞ்சே மாற்றாதலும் இச்சத்தின் வரலாற்றிற் காணப்படும். பூச்சிக்கொல்லி மருந்துண்டு உயிருக்குப் போராடுவாரை மருத்துவமனைகளில் மீட்பது அட்ரோபின் ஊசியே. அப்பூச்சிக்கொல்லி அசிட்டைல்கோலினை அளவின்றிப் பெருகச் செய்ய, அட்ரோபின் அதன் வாயிலை அடைக்கின்றது. மறுதலையாக, ஊமத்தை உண்டு மயங்கினார்க்கு ஆப்பிரிக்க நாட்டு நச்சு அவரை ஒன்றினின்று எடுத்த பைசோஸ்டிக்மின் மாற்றாக அமைகின்றது.

தமிழ் மருத்துவத்தில் இச்செடிக்குரிய சிறந்த இடம் புறமருந்தாகவே உளது. ஊமத்தை இலைச்சாற்றோடு தேங்காயெண்ணெயும் துருசும் கூட்டிக் காய்ச்சுவது மத்தன் தைலம். பெயரிலேயே தேவாரத்து மத்தம் விளங்கக் காண்க. ஆறாப் புண்ணுக்கும் நீரிழிவுப் புண்ணுக்கும் சித்த மருத்துவர் இதனை இன்றும் இடுகின்றனர். துருசு நஞ்சாதலின் இது பூசுதற்கேயன்றி உண்ணுதற்கன்று. உள்மருந்தாகக் கூறப்படுவனவற்றுள் விழிப்போடு நோக்கவேண்டியது வெறிநாய்க் கடிக்குரிய முறை. சுசுருத சங்கிதை அந்நோய்க்குத் தத்தூரத்தைக் கூறுகின்றது. சில ஊர்களில் நாய்கடித்தார்க்கு ஊமத்தை கொடுக்கும் வழக்கமும் இருந்துவந்தது. நோயின் அறிகுறி தோன்றியபின் ஊமத்தை அதனைத் தீர்க்காது. பாஸ்டர் 1885-இல் முதன்முதல் மனிதர்க்கு இட்ட தடுப்பு மருந்தின் வழிவந்த ஊசியே, கடித்தவுடன் புண்ணைச் சவர்க்கார நீரால் நெடுநேரம் கழுவியபின் காலந்தாழாது இடப்படின், உயிரைக் காக்கும். பழைய நூலை மதிப்பார் அதனை வரலாற்றுச் சான்றாகப் போற்றலாம். கடியுண்ட பிள்ளையை அந்நூலை நம்பி வீட்டில் வைத்திருத்தல் கூடாது.

பூசைக்கு ஊமத்த மலர் எடுப்பார்க்கும் ஒன்று கூறத்தகும். பூவைக் கிள்ளிய கையால் கண்ணைத் தொடின், அக்கண்ணின் மணி மட்டும் விரிந்து ஒருநாள் இருநாள் பார்வை மங்கும். காரணம் அறியாத மருத்துவர் அதனை மூளை நோயோ என்று மருண்ட நிகழ்ச்சிகள் மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளன. மலரைத் தட்டில் இட்டபின் கையைக் கழுவிக்கொள்ளுதல் நலம்; சிறுவரைக் கொண்டு அதன் காயைப் பறிப்பித்தல் வேண்டா.